சீட்டு கிடைத்த பிறகு, கட்டணம்?

"கேட் தேர்வில் நல்ல பெர்சென்டைல் வந்துவிட்டால் ஃபீஸை ஐஐஎம்மே பார்த்துக்கொள்ளும், இல்லையா சார்?" என்று கேட்கும் அப்பாக்கள் பலர். டீயைக் குடியுங்கள், நிதானமாகப் பேசுவோம் என்று அவர்களிடம் சொல்வேன். இந்த நினைப்பிலேயே பல குடும்பங்கள் காலத்தைக் கோட்டைவிடுகின்றன.

அகமதாபாத், பெங்களூரு, கொல்கத்தா ஐஐஎம்களில் இரண்டாண்டு மேலாண்மைப் படிப்புக்கு 25 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. கேட் மதிப்பெண் வாசலைத் திறக்கும். கட்டணத்தைக் குறைப்பது பெரும்பாலும் குடும்ப வருமானம்தான். அமெரிக்காவின் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல்கூட மதிப்பெண்ணுக்காக உதவித்தொகை தருவதில்லை, தேவையைப் பார்த்தே தருகிறது. ஆகவே கெட்டிக்காரப் பிள்ளை என்று நிரூபிப்பதைவிட, வீட்டு நிலைமையைக் காகிதத்தில் ஒழுங்காகக் காட்டுவதே இங்கே பெரிய வேலை.

அடுத்த சிக்கல் காலம். கேட் தேர்வு நவம்பர் கடைசியில். சேர்க்கைக் கடிதம் கோடையில் வரும், ஜூன் வாக்கில் வகுப்பு தொடங்கிவிடும். ஐஐஎம்கள் தங்கள் உதவித்தொகைக்கான விண்ணப்பத்தைப் பெரும்பாலும் மாணவர் சேர்ந்த பிறகுதான் கேட்கும். பணம் கைக்கு வர மேலும் சில மாதங்கள். முதல் தவணையோ அதற்கு முன்பே கட்டியாக வேண்டும். உதவித்தொகையை நம்பி இருப்பவர்களும் வங்கிக் கடனை முதலில் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியது இதனால்தான். பிறகு வரும் தொகையால் கடனைக் குறைத்துக்கொள்ளலாம்.

கடன் என்றதும் வீட்டுப் பத்திரத்தை வைக்கச் சொல்வார்களோ என்று பலர் அஞ்சுகிறார்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்வி நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்களுக்கு அடமானமும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்து, வேறு அரசு உதவித்தொகைக்கோ வட்டிச் சலுகைக்கோ தகுதி இல்லாதவர்கள் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை கேட்கலாம். படிக்கும் காலத்துக்கும், திருப்பிக் கட்டத் தொடங்கும் வரையான இடைவெளிக்கும் அது பொருந்தும். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்குத்தான் என்பதால் முந்திக்கொள்வது நல்லது. 4.5 லட்சத்துக்குள் வருமானம் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குத் தொழிற்கல்விக் கடனின் வட்டி முழுவதையும் அந்தக் காலத்துக்கு அரசே ஏற்கும் திட்டம் தனியாக உண்டு.

இனி அரசு உதவித்தொகைகள். இவற்றில் வருமான வரம்பு ஒரே மாதிரி இல்லை. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் 'டாப் கிளாஸ்' திட்டத்தில் வரம்பு 8 லட்சம். அரசுக் கல்வி நிறுவனம் என்றால் முழுக் கல்விக் கட்டணமும் கிடைக்கும். தங்கிப் படிக்கும் செலவு, புத்தகம், மடிக்கணினி போன்றவற்றுக்கு முதல் ஆண்டில் 86,000 ரூபாய், அடுத்த ஆண்டில் 41,000. இதைவிட முழுமையான உதவி நம் நாட்டில் அதிகம் இல்லை. ஆனால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இத்தனை இடம் என்று கணக்கு உண்டு. பழங்குடியினருக்கான இதே வகைத் திட்டத்தில் வரம்பு 6 லட்சம். பிற்படுத்தப்பட்டோருக்கான பிஎம் யசஸ்வியில் 2.5 லட்சம்தான். நம் ஊர்ச் சான்றிதழில் பிசி, எம்பிசி என்று இருப்பது மட்டும் ஐஐஎம்மில் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்று தனியாக எடுக்க வேண்டும்.

நம் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழும் இடம் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஒரே எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுவதுமாகப் பின்னால், வங்கிக் கணக்கில் இன்னொரு விதம். உதவித்தொகை ஆதாரோடு இணைந்த கணக்குக்குத்தான் வரும். பெயர் பொருந்தாவிட்டால் சரிபார்ப்பில் நின்றுவிடும். எவ்வளவு தகுதி இருந்தாலும் இதைச் சரிசெய்ய அலைச்சல்தான். அந்த அலைச்சலில் கடைசித் தேதி போய்விடுவது எனக்குப் பெரும் வருத்தம்.

தனியார் அறக்கட்டளைகளும் கைகொடுக்கின்றன. ஆதித்ய பிர்லா உதவித்தொகை குறிப்பிட்ட சில ஐஐஎம்களில் சேர்ந்தவர்களுக்கு உண்டு. வெளிநாட்டுக்கென்றால், 1892 முதல் இயங்கும் ஜே.என். டாடா அறக்கட்டளை தருவது கடன் உதவித்தொகை, திருப்பிக் கட்ட வேண்டியது. இன்லாக்ஸ் அறக்கட்டளை பெரிய பெயர், ஆனால் வணிகப் படிப்புக்குத் தருவதில்லை. விதிமுறையை முதலில் படித்துவிட்டால் வீணாகக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

கேட் விண்ணப்பம் போடும்போதே பெயர்த் திருத்தங்களை முடித்துவிடுங்கள். ஏப்ரல் பிறந்ததும் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு எழுதிக்கொடுங்கள். சேர்ந்த முதல் வாரத்தில் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு நேரில் போய், எந்தெந்தத் திட்டத்துக்குத் தகுதி என்று கேளுங்கள், கூச்சமே வேண்டாம். கட்டணத் தொகையைப் பார்த்த பயத்தில் மட்டும், இந்தக் கதவுகளைத் தட்டாமலேயே கிடைத்த சீட்டை விட்டுவிடாதீர்கள்.