இரண்டு ஆம்ப்ளிபயர்... இரண்டு மடங்கு சத்தமா?

பெரிய அரங்கம். மேடையில் ஒருவர் கிடார் வாசித்தபடியே பாடுகிறார். கடைசி வரிசைக்குச் சரியாகக் கேட்கவில்லை. உடனே இன்னொரு ஆம்ப்ளிபயரை இணைக்கிறார்கள். இப்போது சத்தம் இரண்டு மடங்கு ஆகிவிடுமா?

ஆகாது! 100 வாட் சக்தி 200 வாட் ஆனாலும், சத்தம் சற்றுக் கூடியதாகவே நம் காதுக்குத் தெரியும். இரண்டு மடங்காகக் கேட்க, சுமார் 10 மடங்கு சக்தி வேண்டும்.

பிறகு எதற்கு இரண்டாவது? ஒலியைப் பரப்பத்தான்! அதன் ஸ்பீக்கரைக் கூட்டத்தின் நடுவே வைத்தால், முன்வரிசையின் காதும் பிழைக்கும். பின்வரிசைக்கும் பாட்டு கேட்கும்.

எப்படி இணைப்பார்கள்?

அக்கூஸ்டிக் கிடாரின் உடல், உள்ளே காலியான மரப்பெட்டி. அதில் பொருத்திய 'பிக்கப்', கம்பியின் அதிர்வை மின் அலையாக மாற்றும். குரலை மைக் மாற்றும். இரண்டும் மிக்சருக்குப் போகும். மிக்சரில் இருந்து ஒவ்வொரு ஆம்ப்ளிபயருக்கும் தனித்தனி ஒயர் செல்லும்.

முதல் ஆம்ப்ளிபயரின் ஸ்பீக்கர் ஒயரை எடுத்து, இரண்டாவதன் உள்ளீட்டில் செருகவே கூடாது. வாய்க்காலில் ஏரியையே திறந்து விட்டது போலாகி, கருவி கெட்டுப்போகும்!

'கீய்ங்...' ஏன்?

ஸ்பீக்கரின் ஒலி மைக்கிலும், கிடார் பெட்டியிலும் மீண்டும் புகுந்தால், பெருகிப் பெருகி அலறலாகும். அதனால் ஸ்பீக்கரைப் பாடகருக்கு முன்னால், மக்களைப் பார்த்து வைப்பார்கள்.

இன்னொரு சிக்கல்: ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்பீக்கருக்கு மின் அலை உடனே வந்துவிடும்; மேடையின் ஒலியோ 0.1 நொடி தாமதமாக வரும். ஒரே சொல் இரண்டு முறை கேட்கும்! எனவே, தூர ஸ்பீக்கருக்குப் போகும் மின் அலையைக் கருவி மூலம் அதே அளவு தாமதப்படுத்துவார்கள்.

உயிர் முக்கியம்!

1972ல் பிரிட்டனில் உள்ள ஸ்வான்சீ நகரில், கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கை மேடையில் தொட்டு, மின்சாரம் தாக்கி இறந்தார். கிடார் கம்பி ஒரு கையில், மைக் மறு கையில் என்றால் ஆபத்து அதிகம். ஆகவே எல்லாக் கருவிகளுக்கும் சரியான எர்த் இணைப்பு அவசியம். ஈரக் கையோடு எதையும் தொடாதீர்கள். பெரியவர்கள் இல்லாமல் இணைக்காதீர்கள்.

அடுத்த ஆண்டு விழாவில் மைக் அலறினால் காதைப் பொத்துவதோடு நிறுத்தாமல், ஸ்பீக்கர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். காரணம் உங்களுக்கே புரிந்துவிடும்!