பார்சல் பட்டுவாடாவும் விலாசமும்

உற்பத்தி செய்பவரிடமிருந்து உபயோகிப்பவர் கைக்கு ஒரு பொருள் வந்து சேரும் பாதையில் மிகுந்த செலவையும் சிரமத்தையும் உண்டாக்குவது நெடுந்தூரம் அன்று. கடைசிச் சில கிலோமீட்டர்களே ஆகும். டில்லியிலிருந்து சென்னைக்கு எண்ணற்ற பொட்டலங்கள் ஒரே ரயிலில் வருகின்றன. ஆகவே ஒவ்வொன்றின் தலையிலும் விழும் செலவு அற்பம். ரயிலைவிட்டு இறங்கியபின் அவை பிரிந்து தனித்தனி வாயிற்படிகளைத் தேடிச் செல்லவேண்டும். நகரத்தில் இருபது பொட்டலங்களை இரண்டு தெருக்களில் கொடுத்துவிடலாம். கிராமப் பகுதியில் அதே இருபதுக்கு ஏழெட்டு ஊர்களைச் சுற்றவேண்டியிருக்கும். வீடு அகப்படாமல் ஒரு பொட்டலம் திரும்பினாலோ, போன செலவோடு வந்த செலவும் சேர்ந்துவிடும்.

இதற்கு நல்லதோர் உதாரணம் நாராயணவனம். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கிறது. கல்யாண வேங்கடேசுவரர் கோயிலால் பிரசித்தி பெற்றது; தறிகள் உள்ள ஊருங்கூட. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் பிரதேசம். ஊரின் பெயரைச் சிலர் நாராயணவனம் என்றும் சிலர் நாராயணவரம் என்றும் எழுதுவர். அருகிலுள்ள ரயில் நிலையம், அரக்கோணம்–ரேணிகுண்டா மார்க்கத்திலுள்ள புத்தூர். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியத்தால் தமிழ்நாடெங்கும் தெரிந்த புத்தூர் இதுவே. ஆனால் கர்நாடகத்தின் தட்சிண கன்னட மாவட்டத்திலும் ஒரு புத்தூர் உண்டு. திருச்சிராப்பள்ளி நகரிலும் ஒன்று உண்டு. "புத்தூர் வழி" என்று மட்டும் எழுதிய பொட்டலம் எந்தத் திசையில் போகும் என்பது, அதை வகைபிரிக்கும் ஊழியரின் ஞாபகசக்தியைப் பொறுத்ததாகவே நெடுங்காலம் இருந்தது.

அந்த ஞாபகச் சுமையை எண்களின்மேல் ஏற்றியதே பின்கோடு முறை. தபால் தந்தி இலாகாவில் உயர்பதவி வகித்தவரும் சம்ஸ்கிருதப் புலவருமான ஸ்ரீராம் பிகாஜி வேலணகர் வகுத்த இம்முறை, 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் தேதி அமுலுக்கு வந்தது. ஆறு இலக்கங்களில் முதலாவது மண்டலத்தைக் குறிக்கும். முதல் மூன்றும் சேர்ந்து, கடிதங்களை வகைபிரிக்கும் மாவட்டத்தைக் குறிக்கும். கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் தபாலாபீசைக் குறிக்கும். மேற்சொன்ன மூன்று புத்தூர்களையும் எடுத்துக்கொள்வோம். நாராயணவனத்துக்கு அருகிலுள்ளதன் எண் 517583, கர்நாடகத்திலுள்ளது 574201, திருச்சியிலுள்ளது 620017. திருச்சிப் புத்தூர் முதல் இலக்கத்திலேயே விலகிவிடுகிறது. ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம் மூன்றுக்கும் 5 பொதுவானபடியால் மற்ற இரண்டும் அடுத்த இலக்கத்தில் பிரிகின்றன. எழுத்துக் கூட்டல் எப்படியிருந்தாலும், மொழி எதுவாயினும், எண் தவறாதவரை பொட்டலம் வழி தவறாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1960 வரை சித்தூர் மாவட்டத்தோடு இருந்து, பிறகு சென்னை ராஜ்யத்தில் சேர்ந்த திருத்தணி, இதே ரயில் மார்க்கத்தில் உள்ள ஊர்; அதன் எண்ணோ 631209. பக்கத்து ஊராயினும் தபால் மண்டலம் வேறு.

ஆயினும் பின்கோடு தபாலாபீசு வரையில்தான் கொண்டுவந்து விடும். அதற்கப்பால் தெருவின் பெயரும், கோயில் குளம் முதலிய அடையாளங்களும், தபால்காரரின் ஊர்ப் பழக்கமுமே துணை. நெடுநாள் அவ்வூரில் வேலை செய்தவருக்கு இது போதும். நேற்று நியமனம் பெற்றுப் பொட்டல மூட்டையுடன் வரும் தனியார் நிறுவன இளைஞருக்கு அது போதாது.

இக்குறையைப் போக்கும் பொருட்டு, 2025ஆம் ஆண்டு மே மாதம் தபால் இலாகா, ஹைதராபாத் ஐ.ஐ.டி.யுடனும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையத்துடனும் சேர்ந்து 'டிஜிபின்' என்னும் குறியீட்டை வெளியிட்டது. இதன் தத்துவம் எளியது. பள்ளிக்கூடத்தில் ஒரு தாளும் பென்சிலும் கொண்டு விளக்கிவிடலாம். இந்தியா முழுவதையும் உள்ளடக்கும்படி, அட்சரேகையிலும் தீர்க்கரேகையிலும் 36 பாகை அகலமுள்ள ஒரு சதுரம் கற்பிக்கப்படுகிறது. வடக்குத் தெற்காக இது ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர். அச்சதுரத்தைப் பக்கத்துக்கு நான்காகப் பிரித்தால் பதினாறு கட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. நாம் இருக்கும் கட்டத்தை மறுபடி பதினாறாகப் பிரிக்க, இரண்டாவது குறி கிடைக்கும். முதற் குறியில் கட்டத்தின் பக்கம் 1,000 கிலோமீட்டர், இரண்டாவதில் 250, ஆறாவதில் சுமார் ஒன்று, அதாவது ஒரு சிற்றூரின் அளவு, பத்தாவது குறியில் நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, அதாவது ஒரு வீட்டுத் திண்ணை. பத்தே குறிகளில் ஒரு தேசம் ஒரு வாயிற்படியாகச் சுருங்கிவிடுகிறது.

இக்குறியீட்டைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும் ஊழியர்கள் சில விஷயங்களைக் கவனத்தில் கொள்ளவேண்டும். அடுத்தடுத்த வீடுகளின் குறிகள் பெரும்பாலும் ஒத்திருக்கும் என்றாலும், இரண்டு பெரிய கட்டங்களின் எல்லை நடுவே விழுந்தால் தொடக்கத்திலேயே வேறுபட்டுவிடும், அது பிழையன்று. மாடி வீட்டில் மேல்தளமும் கீழ்த்தளமும் ஒரே குறி பெறும். குறியீடு இடத்தைச் சொல்லுமேயன்றி வழியைச் சொல்லாது. நாராயணவனத்தையொட்டிச் செல்லும் அருணா நதியின் இரு கரைகளிலும் உள்ள இரண்டு இடங்கள் வரைபடத்தில் அடுத்தடுத்து இருக்கலாம். நீர் வந்துவிட்டால் ஒன்றிலிருந்து மற்றதற்குச் செல்லப் பாலத்தைத் தேடவேண்டும். எந்தத் தபாலாபீசு பட்டுவாடா செய்யும் என்பதும் இதில் இல்லை. எனவே பெயர், தெரு, பின்கோடு ஆகியவற்றோடு சேர்த்து எழுதுவதற்கே டிஜிபின் உரியது. அவற்றுக்குப் பதிலாக அன்று.

வீடு கிடைத்தபின்னும் ஒரு தடை எஞ்சியுள்ளது. பொருளைக் கொடுத்துப் பணம் வாங்கும் முறையை இந்தியத் தபால் இலாகா 1877ஆம் ஆண்டிலேயே ஏற்படுத்திற்று. வி.பி.பி. என்று மக்கள் அழைத்த அம்முறையில், தபால்காரர் விலையை வசூலித்துப் பொட்டலத்தைக் கொடுப்பார். தொகை அனுப்பியவருக்குப் போய்ச் சேரும். நேரில் காணாத வியாபாரியை நம்பாத வாடிக்கைக்காரரும், காணாத வாடிக்கைக்காரரை நம்பாத வியாபாரியும் தபால் இலாகாவை நம்பினர். பிளிப்கார்ட் நிறுவனம் 2010ஆம் ஆண்டில் 'கேஷ் ஆன் டெலிவரி' முறையைத் தொடங்கியபோது கையாண்டதும் இந்தத் தத்துவமே. வாங்குபவருக்கு இதில் நஷ்டமில்லை. வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும், கையில் பணம் இல்லாவிட்டாலும், மனம் மாறினாலும், சுமை அனுப்பியவர் மேல் விழுகிறது.

பெரிய நிறுவனம் திரும்பிவந்த பொட்டலத்தை மறுநாள் வேறொருவருக்கு அனுப்பும். சொந்தத் தறியில் நெய்த ஒரு சேலையை அனுப்பிய நெசவாளிக்கோ, அது திரும்பி வரும்வரை நூல் வாங்கிய முதல் முடங்கிக் கிடக்கும். மடிப்புக் கலைந்த சேலைக்கு அடுத்த கிராக்கி பழைய விலை தரமாட்டார். அலைபேசி மூலம் யு.பி.ஐ. வழியாகப் பணம் செலுத்தும் வசதி வந்தபின், கையில் ரொக்கமில்லை என்ற காரணம் குறைந்திருக்கிறது. வீட்டில் ஆளில்லை என்ற காரணம் குறையவில்லை. விலாசத்துடன் தொலைபேசி எண் எழுதியிருந்தால் அதில் பாதி தீரும். மீதிப் பாதிக்கு, யார் வீட்டில் எந்த வேளையில் ஆள் இருக்கும், யாருடைய பொட்டலத்தை எந்தப் பக்கத்து வீட்டார் வாங்கி வைப்பார்கள் என்று அறிந்த கிராமிய அஞ்சல் ஊழியரையே இன்னும் நம்பவேண்டியிருக்கிறது.