சுக்கான் தரையும் வைப்பாற்றங்கரையும்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தால் கொடைக்கானல், குற்றாலம், கன்னியாகுமரி என்ற மூன்று பெயர்களுக்கு மேல் யார் வாயிலும் வருவதில்லை. “நம்ம ஊர்ல என்ன இருக்கு? வெயிலும் வெடியும்தான்” என்பான் என் தம்பி. சென்ற ஆண்டு வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் நம் பள்ளி நூலகத்தில் ஒரு படப் புத்தகம் கையில் கிடைத்தது. இங்கிலாந்தின் தென்பகுதியில் இருக்கும் சுண்ணாம்புக் குன்றுகளைப் பற்றியது. பச்சைப் புல்லுக்கு நடுவே வெள்ளைக் கோடு இழுத்தாற்போல் ஒற்றையடிப் பாதை. கீழே பள்ளத்தாக்கில் ஒரு சிற்றாறு. கையில் கோலும் தோளில் பையுமாக வயதான கணவனும் மனைவியும் நடந்துகொண்டிருந்தார்கள். அவசர வேலையாகப் போகிறவர்களாகத் தெரியவில்லை. நடப்பதற்காகவே நடக்கிறார்கள்! வீட்டிற்கு எடுத்து வந்து அந்தப் படத்தை என் அம்மாச்சியிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, “இது சுக்கான்தானே? இதைப் பார்க்கச் சீமைக்கா போகணும்? வெம்பக்கோட்டைப் பக்கம் போனா கால்ல இடறும்” என்றார்கள்.

அம்மாச்சி சொன்னது முக்கால் பங்கு சரி. மீதிக் கால் பங்கை அறிவியல் ஆசிரியையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

சுண்ணாம்புக்கல் பூமியில் பல வேடங்களில் கிடக்கிறது. எந்த வேடமானாலும் வேதியியலில் அதன் பெயர் கால்சியம் கார்பனேட். இங்கிலாந்துக் குன்றுகள், கண்ணுக்குத் தெரியாத கடல்வாழ் நுண்ணுயிர்களின் ஓடுகள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்து உண்டானவை. நம் மாநிலத்தில் அரியலூர்ப் பக்கம் முன்பு கடல் இருந்த இடத்தில் சுண்ணாம்புப் பாறைகள் உண்டு. சிப்பியும் நத்தையும் அவற்றில் கல்லாகிக் கிடக்கின்றன. சேலத்துக்கு அருகே தெரியும் வெள்ளைக் குன்றுகளுக்கு வெள்ளைக்காரர்கள் ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயர் சூட்டினார்கள். ஆனால் அங்கே இருப்பது சுண்ணாம்பே அல்ல, மக்னசைட் என்னும் வேறு தாது. நிறத்தைப் பார்த்து ஏமாந்து போயிருக்கிறார்கள், பாவம்.

நம் விருதுநகர் மாவட்டத்தில் இரண்டு வகை இருக்கின்றன. பந்தல்குடி, ஆலங்குளம் பகுதிகளில் இருப்பது படிகச் சுண்ணாம்புக்கல். மிகப் பழங்காலத்தில் பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறிய பாறை அது. ஆலங்குளத்தில் அரசு சிமெண்டு ஆலை 1970-இல் அமைந்ததற்கும், விருதுநகர் – சாத்தூர் சாலையில் ஆர்.ஆர். நகரில் சிமெண்டு ஆலை இருப்பதற்கும் இந்தச் சுண்ணாம்புக்கல்லே காரணம். இரண்டாவது வகைதான் அம்மாச்சி சொன்ன சுக்கான். கரிசல் மண்ணுக்குள் வெள்ளையும் பழுப்புமாக, இஞ்சித் துண்டுபோலவும் உருளைக்கிழங்கு போலவும் கோணல்மாணலாகக் கிடக்கும் கல். ஓடைக்கரை அரித்த இடத்தில் பார்த்தால் கறுப்பு மண்ணுக்கு அடியில் வெள்ளைப் பட்டையாகத் தெரியும்.

இந்தக் கல் எந்தக் கடலிலிருந்தும் வந்ததன்று. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இலேசான அமிலமாகிறது. அது மண்ணில் இருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே இறக்குகிறது. மழை மிகுந்த நாடாக இருந்தால் அந்தச் சுண்ணாம்பு அப்படியே ஆற்றோடு போய்விடும். நம் நாட்டிலோ ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான் மழை. தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மேற்கு மலைத்தொடர் மறித்துக்கொள்கிறது. மழை நின்றதும் வெயில் மண்ணின் நீரை உறிஞ்சிவிட, சுண்ணாம்பு மட்டும் உள்ளேயே தங்கிக் கட்டியாகிறது. ஆண்டுக்கு ஆண்டு இப்படிச் சேர்ந்து சேர்ந்து வளர்ந்ததே சுக்கான். வெந்நீர்ப் பானையின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அம்மா புளி போட்டுத் தேய்ப்பார்களே, அதுவும் இதே கதைதான்.

இதைக் கேட்டபோது எனக்கு ஒன்று தோன்றியது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து சிவகாசியில் தொடங்கினார்கள். இங்கே அத்தொழிலும் அதன் பிறகு வந்த பட்டாசுத் தொழிலும் நிலைத்து நின்றதற்கு நம் வறண்ட காற்று பெரிய துணை என்று பாடத்தில் படித்திருக்கிறோம். மருந்தைக் காய வைக்கும் அதே வறட்சிதான் மண்ணுக்குள் சுக்கானையும் உறைய வைத்திருக்கிறது! “மழையில்லாத சீமை” என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். அந்த மழையின்மை மண்ணில் வெள்ளை எழுத்தில் எழுதிக் கிடப்பதை வாசிக்கத்தான் நான் நடக்க விரும்பினேன்.

விரும்பினால் போதுமா? அம்மா ஒப்பவேண்டுமே. “பொம்பளைப் பிள்ளைக காட்டு வழியில சும்மா நடந்தா ஊர் என்ன சொல்லும்?” என்றார்கள். அப்போது அம்மாச்சி, “நாங்க நடக்கலையா? காளவாய்க்குச் சுக்கான் பொறுக்கிக் கூடையில சுமந்துக்கிட்டு விடியக்காலையில நடப்போம். ஒரு ஊரும் ஒண்ணும் சொல்லலையே” என்றார்கள். அம்மா சிறிது நேரம் பேசவில்லை. தலையில் சுமை இருந்தால் யாரும் கேட்பதில்லை, வெறுந்தலையோடு நடந்தால்தான் கேள்வி என்பது அவர்களுக்கும் அப்போதுதான் உறைத்திருக்கவேண்டும். முடிவில், தாமும் கூட வருவதாக இருந்தால் போகலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு. அதையும் எனக்காகக் கொடுத்தார்கள்.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் காலைத் திருப்பலி முடிந்ததும் அம்மா, நான், என் வகுப்புத் தோழியர் இருவர், ஆக நால்வரும் சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டைக்குப் பேருந்து ஏறினோம். சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆகவே பயணச் செலவு என்று ஒன்றும் இல்லை. வழியெங்கும் பட்டாசு ஆலைகளின் சிறு சிறு அறைகள் தள்ளித் தள்ளி நிற்கும். ஒன்றில் தீப்பற்றினால் அடுத்ததற்குப் பரவாதிருக்க அந்த இடைவெளி. ஞாயிற்றுக்கிழமை ஆதலால் எல்லாம் அடங்கிக் கிடந்தன.

வெம்பக்கோட்டையில் இறங்கினால் வைப்பாற்றின் குறுக்கே கட்டிய அணை இருக்கிறது. வைப்பாறு மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து நம் மாவட்டத்தைக் கடந்து, தூத்துக்குடி மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவில் சேரும் ஆறு. ஆண்டில் பாதிக்கு மேல் மணலாகத்தான் கிடக்கும். ஆனால் நல்ல மழை பெய்த ஆண்டின் தை மாதத்தில் அணையில் நீர் நிற்கும். கரைமேல் நடப்பது மிகவும் எளிது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒரு பக்கம் நீர், கொக்கு, நாரை, நீர்க்காகம். மறுபக்கம் கரிசல் காடு, பருத்தி, மக்காச்சோளம். மேற்கே மலைத்தொடர் நீலமாக நீண்டு கிடக்கிறது. அந்தக் கரையில் அம்மா உட்கார்ந்தார்கள். அரிசி களையவில்லை, துணி மடிக்கவில்லை, ஒன்றுமே செய்யாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அப்படி உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இந்த மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்தும் இந்தக் கரைக்கு அதுவரை வந்ததில்லையாம்.

அங்கிருந்து ஆற்றை ஒட்டியே விஜயகரிசல்குளம் பக்கம் நடந்தோம். ஊர்ப் பெயரிலேயே கரிசலும் இருக்கிறது, குளமும் இருக்கிறது. வழியில் எருக்கு, ஆவாரை, இடையிடையே பனை. ஓடை ஒன்று வெட்டிய கரையில் நான் தேடிய வெள்ளைப் பட்டை தெரிந்தது! கறுப்புக்குக் கீழே வெள்ளை, நேர்க்கோடாக. படப் புத்தகத்தில் குன்று உயரத்துக்கு இருந்தது இங்கே முழங்கால் உயரந்தான். ஆனாலும் கையால் தொட்டுப் பார்க்க முடிந்தது. உதிர்ந்து கிடந்த ஒரு கல்லை அம்மாச்சிக்காக எடுத்து வைத்துக்கொண்டேன்.

வைப்பாற்றின் வடகரையில் அவ்வூரில் உள்ள மேட்டில்தான் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அகழாய்வைத் தொடங்கியது. 2023, 2024 ஆண்டுகளிலும் அடுத்தடுத்த கட்டங்கள் நடைபெற்றன. நுண்கற்கருவிகள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள், விளையாட்டுக் காய்கள், தங்க அணிகலன் எல்லாம் கிடைத்திருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தவை சங்கு வளையல்கள். கடற்கரை இங்கிருந்து எவ்வளவு தூரம்! அங்கே மூழ்கி எடுத்த சங்கு இந்தக் கரிசல் காட்டுக்கு வந்து பெண்களின் கையில் வளையலாகியிருக்கிறது. சங்கும் கால்சியம் கார்பனேட்தான் என்று நான் சொன்னதும், “அப்ப அவங்க சுண்ணாம்பைத்தான் கையில போட்டிருந்தாங்களா?” என்று தோழி ஒருத்தி கேட்டாள். குழிகள் தோண்டியிருக்கும் இடத்திற்குள் நாமாக இறங்கக் கூடாது. வெளியே நின்று பார்க்கவேண்டும். தரையில் ஓடு கிடந்தாலும் எடுக்கக் கூடாது. சுக்கான் கல்லைப்போல் அல்ல அது, கிடந்த இடத்தை விட்டு எடுத்துவிட்டால் ஆராய்ச்சிக்குப் பயன்படாது.

இரண்டாவது நடையாக ஆலங்குளம் பக்கத்தைச் சிலர் சொன்னார்கள். சுண்ணாம்புக்கல் வெட்டிய கிடங்குகளில் மழைநீர் நிறைந்து நீலப் பச்சையாக, பார்க்க மிக அழகாக இருக்கும். அந்த அழகை நம்பி அருகில் போகக் கூடாது. கரை செங்குத்தாக இருக்கும், கால் வழுக்கினால் பிடிக்க ஒன்றும் இராது. ஆற்றுப் படுகையிலும் மணல் அள்ளிய இடங்களில் இப்படிப் பள்ளங்கள் உண்டு. மேலே முழங்கால் ஆழம்போல் தோன்றும், அடுத்த அடியில் ஆள் உயரம். நீரில் இறங்காமல் நடப்பதென்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

அதைவிட நல்லது சாத்தூர் – இருக்கன்குடி வழி. ஏறத்தாழ 8 கி.மீ. இருக்கும். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில் மாரியம்மன் கோயில் அமைந்திருக்கிறது. இரண்டு ஆறுகளைக் குறித்தே ‘இரு கங்கைக் குடி’ என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். ஆடி மாதத்தில் மக்கள் கூட்டங்கூட்டமாக இந்த வழியில் நடந்து போவார்கள். ஆகஸ்டு 15-ஆம் நாள் மாதாவின் விண்ணேற்புப் பெருவிழாவுக்கு நம்மவர்கள் காமநாயக்கன்பட்டிக்கு நடந்து போகிறார்கள் அல்லவா? வீரமாமுனிவர் பணியாற்றிய அந்தத் தலத்துக்கு எங்கள் அம்மாச்சியும் பலமுறை நடந்திருக்கிறார்கள். ஆகவே நடப்பது நம் மக்களுக்குப் புதிதன்று. வேண்டுதலுக்கு நடப்போம், வேலைக்கு நடப்போம். சாத்தூர் வழியில் நாங்கள் பாதித் தூரம் நடந்துவிட்டுப் பேருந்தில் திரும்பினோம். காரணம் வெள்ளரிப் பிஞ்சு. வாங்கித் தின்றுகொண்டே உட்கார்ந்துவிட்டோம்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில செய்திகள். மார்கழி முதல் மாசி வரை நல்ல காலம். காலை ஒன்பதரைக்குள் நடையை முடித்துவிடுங்கள். பங்குனிக்குமேல் வேண்டவே வேண்டாம். மழை பெய்த மறுநாளும் வேண்டாம், கரிசல் மண் செருப்பில் அப்பி ஒவ்வொரு காலும் ஒரு படி எடை கூடிவிடும். இரப்பர் செருப்பைச் சீமைக் கருவேல முள் துளைத்துவிடும். பள்ளிக்குப் போடும் காலணியே சிறந்தது. தண்ணீர் ஆளுக்கு ஒரு பாட்டிலாவது வேண்டும். பட்டாசு ஆலை வேலிகளின் அருகே போகாதீர்கள். பொட்டலில் வெடிக்காத வெடியோ மருந்துக் கழிவோ கிடந்தால் தொடாதீர்கள். உலகத்துக்கெல்லாம் தீப்பெட்டி அனுப்பும் ஊர்க்காரர்களான நாம், இந்த நடைக்கு ஒரு தீக்குச்சிகூட எடுத்துப் போகக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சோதனை செய்தேன். சுக்கான் கல்மேல் எலுமிச்சம்பழச் சாற்றைப் பிழிந்தால் நுரைத்துப் பொங்குகிறது. வெளிவருவது கரியமில வாயு. அதே சாற்றைக் கரும்பலகையில் எழுதும் சாக்கட்டிமேல் பிழிந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இப்போது வரும் சாக்கட்டிகளில் பெரும்பாலானவை ஜிப்சத்தில் செய்தவை என்று ஆசிரியை பிறகு சொன்னார்கள். பெயர் மட்டும் சாக்! தம்பி வீட்டிலிருந்த எலுமிச்சம்பழம் அனைத்தையும் பிழிந்து தீர்த்துவிட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

கல்லை அம்மாச்சியிடம் கொடுத்தேன். காளவாயில் 900 பாகை அளவுக்குச் சூடேற்றினால் இந்தக் கல்லிலிருந்து கரியமில வாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு ஆகிறது, அதில் நீர் விட்டால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பு ஆகிறது என்று படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். அம்மாச்சி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு வெற்றிலையின் முதுகில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே, “அதைத்தான்டி நான் அம்பது வருஷமா மென்னுக்கிட்டு இருக்கேன்” என்றார்கள். கல் இப்போது அவர்களுடைய வெற்றிலைப் பெட்டியில் இருக்கிறது. அடுத்த ஞாயிறு எங்கே போவது என்று அம்மாதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.