ரெஸ்யூம் நீட்டும் கை நியமனக் கடிதமும் கேட்கட்டும்

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லிலோ ஏழு ரோட்டிலோ கிளினிக் வாசலில் கறுப்புப் பையோடு காத்து நிற்கும் மெடிக்கல் ரெப்பைப் பார்த்திருப்பீர்கள். கடைசி நோயாளி போனபிறகுதான் அவர் உள்ளே போக முடியும். பண்ணைக்காட்டிலும் தாண்டிக்குடியிலும் பட்டம் முடித்த பிள்ளைகளுக்கும் எட்டக்கூடிய வேலை அது. ஆனால் ரெஸ்யூம் எழுத நாலு பேரிடம் யோசனை கேட்கிறவர்கள், நியமனக் கடிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

ரெஸ்யூமில் எதை எழுதலாம்?

ஒரு பக்கம் போதும். பி.ஃபார்ம்., டி.ஃபார்ம்., அறிவியல் பட்டம் இருந்தால் முதலில் வரட்டும். பிறகு உங்கள் மலை அறிவைச் சொல்லுங்கள்: வத்தலக்குண்டு சாலை, பழனி சாலை இரண்டும் பழக்கம், பூம்பாறை, மன்னவனூர் வரை பைக்கில் போய்வர முடியும், லைசென்ஸ் உண்டு. வெளியூர்க்காரர் தர முடியாத தகுதி இது. மெடிக்கல் ஷாப்பில் ஆறு மாதம் நின்றிருந்தாலும் எழுதுங்கள். இல்லாத அனுபவத்தை எழுதாதீர்கள். பின்னால் அதுவே வேலைநீக்கத்துக்குக் காரணமாகும். ஆதார், பான், வங்கிக் கணக்கு எண்களை ரெஸ்யூமில் சேர்க்கவே வேண்டாம்.

பணம் கேட்டால் விலகுங்கள்

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், டேப்லெட்டுக்கு முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்க அவ்வளவு வாய்ப்பு. அசல் சான்றிதழைக் காட்டலாம், நகல் தரலாம், ஒப்படைக்கக் கூடாது. தொகை எழுதாத காசோலையிலும் வெற்றுப் பத்திரத்திலும் கையெழுத்து வேண்டாம். குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை விட்டால் பணம் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்கும் 'பாண்ட் எதுவும் கோர்ட்டில் நிற்காது' என்பதையும் நம்பாதீர்கள். ஒரு பொதுத்துறை வங்கி போட்ட 2 லட்சம் ரூபாய் பாண்டை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே ஏற்றது.

சட்டம் என்ன தருகிறது?

ரெப்களுக்கென்றே 1976-இல் விற்பனை மேம்பாட்டு ஊழியர்கள் சட்டம் வந்தது. நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியதும், பணிக்காலத்தில் பதினொன்றில் ஒரு பங்கு முழுச் சம்பள விடுப்பும், பதினெட்டில் ஒரு பங்கு அரைச் சம்பள மருத்துவ விடுப்பும் தந்ததும் அதுதான். 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. நியமனக் கடிதம் இப்போதும் கட்டாயம். வேலையை விட்டாலும் நீக்கப்பட்டாலும் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். விசிட்டிங் கார்டில் 'மேனேஜர்' என்று அச்சடித்துவிட்டதால் மட்டும் உரிமை போய்விடாது. சட்டம் பார்ப்பது நீங்கள் செய்யும் வேலையை.

மலையில் வேலை பார்ப்பவர் கடிதத்தில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஹெட்குவார்ட்டர்ஸ் எது என்பதை. திண்டுக்கல் என்று போட்டிருந்தால், கொடைக்கானல் அன்றே திரும்பும் எக்ஸ்-ஸ்டேஷனா, இரவு தங்கும் அவுட்ஸ்டேஷனா? படி அதைப் பொறுத்துதான். கிலோமீட்டருக்கு எவ்வளவு, மண் சரிந்து பாதை அடைபட்ட நாளுக்கு என்ன கணக்கு, பி.எஃப். உண்டா என்பதையும் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். வாய்ச்சொல் மலை இறங்குவதற்குள் மறந்துவிடும்.

டார்கெட்டுக்காகத் தப்பு செய்யச் சொன்னால்?

2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட மருந்து விற்பனை நெறிமுறை, டாக்டருக்குப் பரிசு, பணம், சுற்றுலா தருவதைத் தடுக்கிறது. கொடைக்கானலுக்குக் குடும்பத்தோடு அழைத்துவந்து தங்கவைப்பதும் இதில் அடங்கும். ஒரு மருந்துக்கு ஒரு டாக்டருக்கு ஆண்டுக்கு 12 சாம்பிள் பொதிதான். ரெப்பின் நடத்தைக்குக் கம்பெனி பொறுப்பு. ஆகவே இப்படிச் செய்யச் சொல்லும் உத்தரவு வாட்ஸ்அப்பில் வந்தால் அழிக்காதீர்கள்.

பெண்களுக்கு

அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் இது. இங்கே படித்த பெண்கள் இந்த வேலைக்குத் தயங்க வேண்டியதில்லை. 2013-ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, வேலை நிமித்தம் நீங்கள் போகும் கிளினிக்கும் பணியிடமே. கம்பெனியின் உள்ளகக் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். பத்துப் பேருக்குக் குறைவான நிறுவனம் என்றால் மாவட்ட அளவிலான குழு இருக்கிறது. அவசரத்துக்கு மகளிர் உதவி எண் 181.

எங்கே போகலாம்?

சம்பள பாக்கிக்கும் வேலைநீக்கத்துக்கும் தொழிலாளர் துறை அலுவலகம். இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் உதவி உண்டு. இவை போக, ரெப்களின் சங்கத்தையும் அணுகலாம்.

எங்கே போனாலும் முதலில் கேட்பார்கள்: "கடிதம் இருக்கிறதா?" அதையும் சம்பளச் சீட்டு, டூர் புரோகிராம், டெய்லி ரிப்போர்ட் நகல்களையும் முதல் நாளிலிருந்தே வீட்டில் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். கம்பெனி மின்னஞ்சலில் மட்டும் வைத்திருந்தால், வேலை போகும் அன்றே அவையும் கைவிட்டுப் போகும்.