திரையில் ஒலிக்கும் இலங்கைத் தமிழ் யாருடைய தமிழ்?

2025 மே மாதம் திரைக்கு வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' திரைப்படம் தமிழ் இரசிகர்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. 2022 இல் எமது நாட்டைப் பீடித்த பொருளாதார நெருக்கடியைத் தாங்க மாட்டாது கடல் கடந்து இராமேஸ்வரத்தை அடைந்து, பின்னர் சென்னையில் குடியேறும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. அபிஷன் ஜீவிந்தின் இயக்கத்தில் சசிகுமாரும் சிம்ரனும் நடித்திருந்தனர். அக்குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கக் கூடியது அதன் பேச்சுத்தான். வாய் திறந்தால் எங்கிருந்து வந்தவர்கள் என்பது தெரிந்துவிடும் என்ற அச்சம் படத்தின் பெரும் பகுதியை நகர்த்திச் செல்கின்றது.

இலங்கைத் தமிழரைப் பாத்திரமாக்கிய முன்னைய படங்களுடன் இதனை ஒப்புநோக்குவது பயனுடையது. 2000 ஆம் ஆண்டில் கே. எஸ். ரவிகுமாரின் 'தெனாலி' வெளியானது. எதைக் கண்டாலும் அஞ்சும் ஈழத்து அகதியாகக் கமல்ஹாசன் தோன்றினார். போரினால் விளைந்த அச்சத்தை நகைச்சுவைக்குப் பயன்படுத்தியமை எம்மவர் சிலருக்கு உவப்பாக இருக்கவில்லை என்பதை மறுப்பதற்கில்லை. 2002 இல் வந்த மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' போரின் துயரை நேர் நின்று நோக்கியது; ஆறு தேசிய விருதுகளையும் பெற்றது. முதற்படம் எம்மைக் கண்டு சிரித்தது, இரண்டாவது எமக்காக அழுதது. புதிய படமோ எம்மை அண்டை வீட்டாராக்கியிருக்கின்றது. இருபத்தைந்து ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே.

ஆயினும் மாறாதது ஒன்றுண்டு. இப்படங்களில் இலங்கைத் தமிழ் என்று ஒலிப்பது பெரும்பாலும் வடபுலத்துப் பேச்சின் சாயலே. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழ்வோர் தமது பேச்சை அவற்றில் கேட்பதில்லை.

தெனாலிக்காகக் கமல்ஹாசனுக்கு எமது பேச்சு வழக்கில் துணை நின்றவர் இலங்கை வானொலியின் புகழ்பெற்ற அறிவிப்பாளர் பி. எச். அப்துல் ஹமீத் என்பது பலரும் அறிந்ததே. அதற்கு இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே அவர் 'கோமாளிகள்' என்ற இலங்கைத் தமிழ்ப் படத்தில் நடித்திருந்தார் என்பதை இன்றைய இளையோர் அறியமாட்டார்கள். எஸ். ராமதாஸின் வானொலி நகைச்சுவைத் தொடரிலிருந்து உருவாகி 1976 இல் வெளியான படம் அது. மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என நான்கு பாத்திரங்கள். முஸ்லிம் வழக்கு, யாழ்ப்பாண வழக்கு, சிங்களவர் பேசும் தமிழ், அந்தணர் வழக்கு என நான்கு விதப் பேச்சு. மரிக்காராக வந்தவர் ராமதாஸ். ஐயராக வந்தவர் அப்துல் ஹமீத். ஒருவர் நாவில் மற்றவர் தமிழ் ஏறியதைக் கேட்டு நாடே சிரித்தது. எவரும் முகம் சுளித்ததாக நாம் அறியோம். கலைநேர்த்தியில் இன்றைய படங்களுடன் போட்டியிடக் கூடிய படமன்று அது. ஆனால் இலங்கைத் தமிழ் ஒன்றல்ல, பல என்ற உண்மையை அது அறிந்திருந்தது.

அதிலும் மட்டக்களப்புக்கு இடமிருக்கவில்லை என்பது வேறு விடயம். பேச்சுத் தமிழை ஆராய்ந்த செக் அறிஞர் கமில் சுவெலபில் மட்டக்களப்புத் தமிழ் இலக்கிய வழக்குக்கு மிக நெருக்கமானது எனக் கருதினார். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பேசப்படும் இத்தமிழ் ஒரு சமூகத்துக்கு மாத்திரம் உரியதன்று. கல்லடியில் அப்பா, அம்மா என்பது சற்றுத் தெற்கே காத்தான்குடியில் வாப்பா, உம்மா என்றாகும். வாக்கியத்தின் இழுவையும் ஓசையும் பெரிதும் ஒன்றே. தாய்வழிக் குடிமுறையும் இரு சமூகங்களுக்கும் பொதுவானதே.

இதனைத் திரையில் கேட்பதால் என்ன பயன் என வினவலாம். இப்பிரதேசத்தின் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் பெரும்பாலும் வெவ்வேறு பாடசாலைகளில் கற்கின்றனர். 1985 இலும் 1990 இலும் நிகழ்ந்த கொடுமைகளின் நினைவு இரு தரப்பு இல்லங்களிலும் இன்னும் உறைந்திருக்கின்றது. சந்தையிலும் வைத்தியசாலையிலும் அன்றி மற்றவர் பேச்சை நீண்ட நேரம் செவிமடுக்கும் வாய்ப்பு அப்பிள்ளைகளுக்கு அரிது. மாறாகச் சென்னைத் தமிழை அவர்கள் நன்கறிவர். அது நாள்தோறும் தொலைக்காட்சி வழியே வீட்டுக்குள் வருகின்றது.

கோமாளிகளைப் போன்ற படங்கள் தொடராமைக்குக் காரணங்கள் பல. போட்டி போட முடியாத சந்தை ஒன்று. 1983 ஜூலை வன்செயலில் ஹெந்தளையிலிருந்த விஜயா கலையகம் எரியூட்டப்பட்டுப் படச்சுருள்கள் அழிந்தமை மற்றொன்று. இன்று நிலைமை வேறு. கையடக்கக் கருவியிலேயே குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் எமது ஊர்களிலும் உள்ளனர். அவர்களுட் சிலர் தமது பாத்திரங்களைத் தென்னிந்தியத் திரைத்தமிழில் பேசவைப்பதுதான் எமக்கு விளங்கவில்லை. சசிகுமாரும் சிம்ரனும் எமது பேச்சைப் பயின்று நடிக்கின்றனர். அவர்களுக்கு அது பயிற்சி, எமது இளைஞர்களுக்கோ தாய்வீட்டுப் பேச்சு.