ஒரு பல் பிசகினால்!

ஸ்பானரைப் பிடித்தால் கௌரவம் குறைந்துவிடும் என்று நினைப்பவர்கள் நம் படித்த குடும்பங்களில் இன்னும் இருக்கிறார்கள். மோட்டார் வண்டியை ஓட்டுவது கௌரவம். அதைத் துடைப்பது வேலையாளின் பொறுப்பு. பிரித்துப் பார்ப்பதோ மெக்கானிக்கின் தலையெழுத்து! இப்படிப் பங்கு பிரித்துக்கொண்டதனால் நஷ்டம் அடைந்தவர்கள் நாமேதான். இதை எடுத்துக்காட்ட ஒரு சிறு ரப்பர்ப் பட்டை போதும். அதன் பெயர் டைமிங் பெல்ட்.

பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி செல்லும் சாலையில் உள்ள நமது காட்டுப்பாக்கத்தில், வாசல்களில் நிற்கும் பழைய வண்டிகளிடையே சாண்ட்ரோக்களையும் காணலாம். அவை பிறந்த இடம் அதிக தூரத்தில் இல்லை. பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர்ச் சாலையில் சென்றால், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருங்காட்டுக்கோட்டை. அங்குள்ள ஹூண்டாய்த் தொழிற்சாலையில் உற்பத்தியாகி 1998-ல் விற்பனைக்கு வந்தது முதல் சாண்ட்ரோ. அதன் எஞ்சினிலும், 1983-ல் வெளிவந்த மாருதி 800-ன் எஞ்சினிலும் இந்தப் பெல்ட்தான் காரியஸ்தன்.

அது செய்யும் வேலை என்ன? பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தால் சுழலும் கிராங்க் தண்டு எஞ்சினின் கீழே இருக்கிறது. வால்வுகளைத் திறக்கும் காம் தண்டு மேலே இருக்கிறது. கீழ்த்தண்டு 2 சுற்றுச் சுற்றினால் மேல்தண்டு சரியாக 1 சுற்றுச் சுற்ற வேண்டும். கிராங்க் தண்டு நிமிஷத்துக்கு 3,000 முறை சுழலும்போது, ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. இந்தத் தாளத்தைக் காப்பது பெல்ட்டின் பற்களே. கச்சேரியில் தாளம் தவறினால் சபையோர் முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான். இங்கே தவறினால், பல எஞ்சின்களில் பிஸ்டன் மேலேறி வந்து, திறந்திருக்கும் வால்வை முட்டி வளைத்துவிடும். பெல்ட்டின் விலையைப் போல் பல மடங்கு செலவு வந்து சேரும்.

முன்பு இந்த வேலையை எண்ணெயில் தோய்ந்த இரும்புச் சங்கிலி செய்தது. நமது அம்பாஸிடரில் இருந்ததும் சங்கிலிதான். 1960-களின் தொடக்கத்தில், ஜெர்மனியின் பவேரியாவில் இருந்த கிளாஸ் கம்பெனி, தனது 1004 என்னும் காரில் பல் வைத்த ரப்பர்ப் பெல்ட்டைப் புகுத்தியது. சத்தம் குறைவு, கனம் குறைவு, விலையும் குறைவு; ஆனால் ஆயுளும் குறைவு. உள்ளே கண்ணாடி நார் ஓடும் இப்பட்டை, வெப்பத்திலும் எண்ணெய்க் கசிவிலும் கெட்டுவிடும். வண்டி வாசலிலேயே நின்றாலும் வயது ஏறத்தான் செய்யும். தேய்ந்த சங்கிலி சலசலத்து எச்சரிக்கும். பெல்ட்டோ பெரும்பாலும் சொல்லாமலே அறுந்துவிடும். ஆகையால் வண்டியின் கைப்புத்தகம் கூறும் கிலோமீட்டரோ வருஷமோ, எது முன்னால் வருகிறதோ அப்போதே மாற்றிவிட வேண்டும்.

இதை வீட்டிலேயே செய்யலாமா? தக்க கருவிகளும் கைப்புத்தகமும் பொறுமையும் உள்ளவர்கள் செய்யலாம். முதலில் பாட்டரியின் இணைப்பைக் கழற்றவேண்டும். வண்டியை உயர்த்தினால் ஜாக்கியை மட்டும் நம்பலாகாது. உறுதியான தாங்கிகளை வைத்தே தீரவேண்டும். வெளிப் பெல்ட்டுகளையும் மூடியையும் கழற்றிய பின், கிராங்க் தண்டை ஸ்பானரால் மெதுவாகச் சுழற்றி, இரு பல்சக்கரங்களிலும் உள்ள குறிகளை அவற்றுக்குரிய இடங்களில் நிறுத்தவேண்டும். சுண்ணாம்பாலோ வர்ணத்தாலோ அடையாளமிட்டு ஒரு படமும் எடுத்துக்கொள்வது நலம். பிறகு இறுக்கும் உருளையைத் தளர்த்திப் பழைய பெல்ட்டை எடுக்கலாம். அந்த வேளையில் எந்தத் தண்டும் அசையக் கூடாது.

புதியதை மாட்டி இறுக்கியதும் சாவியைத் திருப்ப ஆவல் பிறக்கும். அங்கேதான் நிதானம் வேண்டும். கிராங்க் தண்டைக் கையாலேயே முழுமையாக 2 சுற்றுச் சுற்றிக் குறிகளைத் திரும்பவும் பார்க்கவேண்டும். நடுவில் எங்கேனும் தடை தட்டினால் பலத்தைக் காட்டாமல் நிறுத்திவிட வேண்டும். குறி ஒரு பல் விலகியிருந்தாலும், முழுவதையும் கழற்றி மறுபடி மாட்டுவதே முறை. இறுக்கும் உருளையையும் கூடவே மாற்றிவிடுவது உத்தமம். சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜி. பி. ரோட்டிலும் உதிரிப் பாகங்கள் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் இந்தப் பாகத்தில் மலிவைத் தேடுவது விவேகமன்று.

கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதைப் பிரித்துப் பூட்டியே யந்திர நுட்பத்தைக் கற்றவர். அவரே 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விடத் தொடங்கினார். 1937-ல் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழிலின் வாயிலாகவே கல்வி புகட்ட வேண்டும் என்று வற்புறுத்தினார். 2-க்கு 1 என்ற விகிதத்தை நாம் கரும்பலகையில் ஆயிரம் முறை எழுதுகிறோம். வாசலில் ஒரு சிறுமி தன் கையால் கீழ்த்தண்டை இருமுறை சுழற்றி, மேற்சக்கரத்தின் குறி ஒருமுறை வந்து நிற்பதைக் கண்டால், அதை ஆயுள் முழுதும் மறக்கமாட்டாள். சுயராஜ்யம் பெற்ற நாட்டில் கைக்கும் புத்திக்கும் நடுவே ஒரு பல்கூடப் பிசகலாகாது.