வெற்றுத் தோட்டாவின் கழுத்து



சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து மாணவர் சிலரைத் தேசிய மாணவர் படைப் பயிற்சிக்காகத் துப்பாக்கி சுடும் திடலுக்கு ஒருமுறை அழைத்துச் சென்றிருந்தேன். சுட்டு முடிந்ததும் வெற்றுறைகளை எண்ணிக் கணக்கில் சேர்ப்பது அங்கே விதி. அன்று ஓர் உறை குறைந்தது. சேர்வராயன் மலைமேல் வெயில் மங்கும்வரை எல்லோரும் புல்லை விலக்கித் தேடினோம். இறுதியில் மாணவன் ஒருவன் தலைகுனிந்து வந்து, சட்டைப்பையிலிருந்து அதனை எடுத்து நீட்டினான். “ஐயா, இதை மீண்டும் நிரப்ப முடியுமா என்று பார்க்கவே எடுத்தேன்” என்றான். கண்டிக்க வேண்டியதைக் கண்டித்தேன். ஆயினும் அவன் வினா நல்ல வினா. அன்று பொழுது சாய்ந்துவிட்டது. அதற்குரிய விடையை இன்று கூறுகிறேன்.

தோட்டா என்பது நான்கு பொருள்களின் கூட்டு. முன்னே பறந்து செல்லும் குண்டு. அதனைத் தள்ளும் வெடிமருந்து. மருந்துக்குத் தீமூட்டும் பிரைமர் என்னும் சிறு மூடி. இம்மூன்றையும் தாங்கும் பித்தளை உறை. சுட்டபின் குண்டு போய்விடுகிறது, மருந்து எரிந்துவிடுகிறது, பிரைமர் பயனற்றுப்போகிறது. எஞ்சுவது உறை ஒன்றே. விலையுயர்ந்த உறுப்பும் அதுவே. ஆகவே அமெரிக்கா முதலிய நாடுகளில் குறிபார்த்துச் சுடும் விளையாட்டினர் பலர் அவ்வுறையை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துகின்றனர்.

அந்த மாணவன் எடுத்தது .22 ரைபிளின் உறை. அதில் தீமூட்டும் பொருள் தனி மூடியில் இல்லை. அடிவிளிம்பின் மடிப்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கிறது. துப்பாக்கியின் ஊசி அவ்விளிம்பை நசுக்கிவிடுவதால் அதனை மறுபடி நிரப்புதல் நடைமுறைக்கு ஒவ்வாது. அடியின் நடுவே தனிப் பிரைமர் பொருத்திய உறைகளே அதற்கு ஏற்றவை.

இவ்வேலையில் பழகுவோர் பெரும்பாலும் கைத்துப்பாக்கித் தோட்டாவிலிருந்தே தொடங்குகின்றனர். அதன் உறை ஏறத்தாழ நேரான குழாய். சுட்டபோது விரிந்த குழாயை ஓர் அச்சினுள் செலுத்திப் பழைய அளவுக்குச் சுருக்குகின்றனர். வாயைச் சற்று விரித்து, புதுப் பிரைமர் பொருத்தி, மருந்து நிரப்பி, குண்டை அமர்த்துகின்றனர். ஓர் அழுத்துபொறி, மூன்று அச்சுகள், ஒரு நுண்தராசு, ஓர் அளவுகோல் ஆகியவை இருந்தால் வேலை நடக்கும். அச்சின் உள்வளையம் டங்ஸ்டன் கார்பைடினால் ஆனதாயின் எண்ணெய்ப் பூச்சும் வேண்டுவதில்லை.

இவற்றைக் கொண்டே ரைபிள் தோட்டாவையும் செய்துவிடலாம் என்று எண்ணுவது இயல்பு. ‘சிறியது செய்தவன் பெரியது செய்யானா?’ என்று தோன்றும். ஆனால் இங்கே மாறுவது அளவு மட்டும் அன்று, வடிவமும் மாறுகிறது. 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியின் உறை ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் நீளம்; .303 ரைபிளின் உறை ஏறத்தாழ 56 மில்லிமீட்டர். முன்னதனுள் எழும் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 2,300 மடங்கு என்றால், இன்றைய 7.62 மில்லிமீட்டர் ரைபிளில் அது 4,000 மடங்கைத் தாண்டுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ரைபிள் உறைக்குத் தோளும் கழுத்தும் உண்டு. புதுக் கருவிகள் பலவும் இக்கழுத்தின் பொருட்டே வேண்டப்படுகின்றன.

நம் சேலத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள். கம்பியைத் துளைத்தகட்டின் வழியே இழுக்க இழுக்க அது மெலிந்து நீளும். கூடவே விறைத்தும் போகும். அதனைத் தீயில் காய்ச்சி ஆற்றினால்தான் மறுபடி வளையும். பித்தளையும் அவ்வாறே. ரைபிள் உறையை அச்சினுள் செலுத்தும்போது மெழுகோ எண்ணெயோ பூச வேண்டும். இல்லையேல் உறை அச்சிலேயே இறுகிவிடும். கைத்துப்பாக்கி அச்சுகள் இதற்குப் பயன்படா. அந்தந்த ரைபிளுக்கென்று தோளும் கழுத்தும் குடைந்த அச்சுகள் வேண்டும். அடிவிளிம்பைப் பற்றும் பிடியும் வேறு. அழுத்துபொறியும் நீண்ட உறைக்கு இடங்கொடுப்பதாய், வலுவுள்ளதாய் இருத்தல் வேண்டும்.

ஒவ்வொரு முறை சுடும்போதும் பித்தளை முன்னோக்கி நகர்ந்து கழுத்து நீள்கிறது. நீண்ட கழுத்தின் வாய் துப்பாக்கியறையின் முன்முனையில் முட்டிக் குண்டை இறுக்கிப் பிடித்தால் அழுத்தம் வரம்பு மீறும். ஆதலால் நீளத்தை அளக்க வெர்னியர் அளவுகோலும், மிகுந்ததை வெட்ட ஒரு வெட்டுபொறியும், வெட்டிய வாயின் பிசிறை நீக்க ஒரு கருவியும் வேண்டும். தோள் எங்கே அமைந்திருக்கிறது என்று காட்டும் அளவி ஒன்றும் வேண்டும். தோளை மிகுதியாகப் பின்தள்ளினால், உறை அடிப்பக்கத்தில் மெலிந்து இரண்டாக அறுந்துவிடும். மருந்தும் மெதுவாக எரியும் வகையாதல் வேண்டும். பிரைமரும் கடினமான ரைபிள் வகையே. தராசு ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்கையும் காட்ட வேண்டும். ஒரு கிரெயின் என்பது ஏறத்தாழ அரைக் குன்றிமணி எடை.

பித்தளையின் குணத்தை அறியாமையால் ஒரு பேரரசின் படையே இடர்ப்பட்ட கதை நம் நாட்டில் நிகழ்ந்ததுதான். ஆங்கிலேயர் காலத்தில் மழைக்காலங்களில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாகவே வெடித்துப் பிளந்தன. குண்டைப் பற்றியிருந்த கழுத்துப் பகுதியிலேயே பிளவு தொடங்கியது. லாயத்தில் எழும் அம்மோனியாவும், உறையை உருவாக்கியபோது பித்தளைக்குள் தேங்கிய இறுக்கமும் சேர்ந்தே அதனைப் பிளந்தன என்பதை 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்போர் விளக்கினர். உறையைக் காய்ச்சி ஆற்றி உள்ளிறுக்கத்தைப் போக்குவதே மருந்தாயிற்று. நம் கொலுசுப் பட்டறையில் நடக்கும் வேலைதான் அது!

இன்னொன்று நம் நீலகிரியைச் சார்ந்தது. குன்னூரிலிருந்து உதகைக்கு ஏறும் மலை ரயில் அருவங்காடு நிலையத்தைக் கடந்து செல்கிறது. அங்கே 1903-இல் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலை, 2021 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின்கீழ் இயங்குகிறது. கார்டைட் என்பது கயிறுபோல் இழைத்த வெடிமருந்து. பழைய .303 தோட்டாவில் இவ்விழைகளைக் கட்டாக உறைக்குள் வைத்த பின்னரே கழுத்தை நெரித்து அமைத்தனர். கழுத்து அமைந்தபின் அக்கட்டு உள்ளே புகாது. செய்முறையின் வரிசையையே கழுத்து மாற்றிவிட்டது, பாருங்கள்! அவ்வுறைகளின் பெர்டன் வகைப் பிரைமரையோ நடுவே ஊசி செலுத்தி எளிதில் தள்ளவும் இயலாது. ஏனெனில் அடியில் தீ செல்லும் துளை நடுவில் ஒன்றாக இன்றிப் பக்கங்களில் இரண்டாக அமைந்துள்ளது.

இவ்வளவும் கூறியது நீங்கள் செய்து பார்ப்பதற்கு அன்று. உரிமமின்றித் தோட்டா ஆக்குவது 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி குற்றம். திடலில் ஒவ்வோர் உறையையும் எண்ணுவதற்கும் காரணம் இதுவே: வெற்றுறை குப்பையன்று, அது பாதித் தோட்டா. அன்று புல்லிடைத் தேடிய நாங்கள் தேடியது அந்தப் பாதியைத்தான்.

அந்த மாணவனுக்கு என் விடை இதுதான். தம்பி, நீ எடுத்த உறை நிரம்பாது. நிரம்பக்கூடிய உறையும் ஊகத்துக்குக் கட்டுப்படாது, அளவுக்கே கட்டுப்படும். ஒரு வேலையைக் கற்றவன் அதனை ஒத்த மற்றொன்றைத் தொடங்கும்போது, ‘இது பெரிதா?’ என்று மட்டும் கேட்டால் போதாது. ‘இது எங்கே வேறுபடுகிறது?’ என்று கேட்க வேண்டும். வேறுபடும் இடத்தைக் கண்டபின் அதனை அளக்கும் கருவியைத் தேட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் நீ எதனைத் தொட்டாலும் இவ்விரு வினாக்களும் உனக்குத் துணையாகும்.